மறுபடி வந்துவிடுமோ என்ற அச்சம்: இராமநாதபுரம் மாவட்ட மருத்துவத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர்களுக்கும், தொண்டி முதல் சாயல்குடி வரை ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் மண்டபம் பகுதிக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். மீனவப் பெண்களின் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதிவந்தேன். மார்பகப் புற்றுநோய்க்காக வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அறுவை, கீமோ, எங்கள் பக்கத்தில் ‘கரண்ட் வைத்தல்’ என்று சொல்லப்படும் கதிர்வீச்சு ஆகிய மூன்றையும் முடித்து, இப்போது தினம் ஒரு மாத்திரையோடு வாழ்கிறேன். எனக்குக் கிடைத்த சிகிச்சையைப் பற்றிக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சிகிச்சை முடிந்த மறுநாளிலிருந்து தொடங்கி இன்றுவரை எங்களில் பலரோடு குடியிருக்கும், நோய் மறுபடி வந்துவிடுமோ என்ற அச்சத்தை மருத்துவத் துறை தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

சிகிச்சை நடக்கும் காலத்தில் அஞ்ச நேரம் இருப்பதில்லை. அடுத்த ஊசி என்றைக்கு, இரத்த அணுக்கள் ஏறினவா, துணைக்கு யார் வருவது, வீட்டில் யார் சமைப்பது என்று நாள்கள் ஓடிவிடுகின்றன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் நம் உடம்பைப் பார்க்கிறார், தொடுகிறார், அறிக்கையைப் படிக்கிறார். எல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் செக்கப்புக்கு வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பும் நாளில் அந்தக் கண்கள் விலகிக்கொள்கின்றன. வீட்டார் கறி எடுத்துச் சமைக்கிறார்கள். நேர்ந்துகொண்டவர்கள் ஏர்வாடிக்கோ ஓரியூருக்கோ இராமேசுவரத்துக்கோ போய் நேர்ச்சையைச் செலுத்துகிறார்கள். நோய் கண்டவளோ, இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு, தழும்பின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இது என் மனத்தின் பலவீனம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். உலகெங்கும் மருத்துவர்கள் இதைத் தனியே ஆராய்ந்து, அளவிட வினாத்தாள்கள் வகுத்து, சிகிச்சை முறைகளையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பல நாடுகளில் 9,000-க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளிடம் எடுத்த கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2022-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க அளவில் இந்த அச்சம் இருப்பதும், ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் அது கடுமையாக இருப்பதும் தெரியவந்தது. இளவயதினருக்கும் பெண்களுக்கும் கூடுதலாம். நோயின் நிலை எவ்வளவு முற்றியிருந்தது என்பதோடு அச்சத்தின் அளவு நேராகப் பொருந்துவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஆகவே, ‘உனக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாகிவிட்டது, உனக்கென்ன பயம்’ என்று சொல்லி அனுப்புவது மருந்தாகாது.

இந்த அச்சம் எங்கள் கரையில் இரண்டு வகையாக நடந்துகொள்கிறது. ஒரு வகையினர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தலைவலித்தால் ஸ்கேன், இருமினால் எக்ஸ்ரே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் புற்றுநோய்க் குறியீட்டுப் பரிசோதனை. தனியார் ஆய்வகங்கள் இதைத் தொகுப்புக் கட்டணத்தில் விற்கின்றன. விற்பவருக்கு எங்கள் பயம் நல்ல சரக்கு. மார்பகப் புற்றுநோயில், அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இத்தகைய தொடர் ஸ்கேன்களாலும் எக்ஸ்ரேக்களாலும் ஆயுள் கூடுவதில்லை என்று இத்தாலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தனித்தனியே கொண்டு நடந்த இரண்டு ஆய்வுகள் 1994-லேயே காட்டிவிட்டன. மருத்துவர் கையால் பார்க்கும் பரிசோதனையும் ஆண்டுக்கொரு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) அறிகுறி தோன்றியவுடன் அதை ஆராய்வதுமே இன்றும் உலக வழக்கம். இதை முதலில் கேட்டபோது என் உள்ளம் ஒப்பவில்லை. பணம் மிச்சம் பிடிக்கச் சொல்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது. காரணத்தோடு ஒருவர் உட்காரவைத்து விளக்கியிருந்தால், கடன் வாங்கி ஸ்கேன் எடுத்த பலர் எடுத்திருக்கமாட்டார்கள்.

மற்ற வகையினர் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். போனால்தானே சொல்வார்கள் என்று மறுபரிசோதனைத் தேதியைக் கடத்துகிறார்கள். மருத்துவமனை இருக்கும் தெரு வழியாகப் பேருந்து போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மாத்திரை அட்டை தீர்ந்ததும் மறுபடி வாங்குவதில்லை, ஏனென்றால் அந்த மாத்திரையே தினமும் நோயை நினைவூட்டுகிறது. உங்கள் பதிவேட்டில் இவர்கள் ‘வரவில்லை’ என்று மட்டும் குறிக்கப்படுகிறார்கள். அலட்சியம் என்று நீங்கள் கருதும் அந்த வெற்றுக் கட்டத்தில் பெரும்பாலும் இருப்பது அச்சமே என்று நான் சொல்வேன். பயந்து பயந்து வருகிறவளைவிடப் பயந்து வராமல் போகிறவளே ஆபத்தில் இருக்கிறாள், அவளைத் தேடித்தான் ஆள் அனுப்ப வேண்டும்.

அச்சத்தை வளர்ப்பதில் அறியாமைக்கு உள்ள பங்குக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, ஹார்மோன் சார்ந்த (பெண் ஹார்மோனின் தூண்டுதலால் வளரும்) மார்பகப் புற்றுநோயில், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளை ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ தருகிறீர்கள். அந்த மாத்திரை பலருக்கு மூட்டுவலியைத் தரும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, முழங்கால் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் நடமாடினால் இளகும். இதே நோய் திரும்பி வரும்போது முதலில் தங்கும் இடங்களில் எலும்பும் ஒன்று என்பதை, கீமோ அறையில் அடுத்த படுக்கைக்காரர்களின் பேச்சிலிருந்து நாங்கள் எல்லோருமே கேட்டு வைத்திருக்கிறோம். பிறகு என்ன ஆகும்? நோயைத் தடுக்கத் தந்த மாத்திரையின் வலியையே நோய் என்று எண்ணி ஒருத்தி மாதக்கணக்கில் தூக்கமின்றிக் கிடப்பாள். இன்னொருத்தி அந்த மாத்திரையை நிறுத்திப் பார்த்து, வலி குறைந்ததும், மருந்துதான் கெடுதல் என்று முடிவுகட்டி அதைத் தூக்கி எறிவாள். இரண்டு பேருக்கும் தேவைப்பட்டது மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது இரண்டு நிமிடப் பேச்சு: இந்த வலி வரும், இப்படி இருக்கும், நடமாடினால் குறையும், ஆனால் ஒரே இடத்தில் நிலைத்து நாளுக்கு நாள் கூடி, படுத்திருக்கும்போதும் விடாமல் இரவில் எழுப்பும் வலி வேறு, அதற்கு உடனே வா.

அதைப்போலவே கை வீக்கமும். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையிலும் பவளத்திலும் கீறுபட்டுக்கொண்டே வேலை செய்கிறார்கள். அக்குளில் நெறிக்கட்டுகளை அகற்றிய கைக்குச் சிறு கீறலும் சீழ்பிடித்துப் பெரிய வீக்கமாக மாறக்கூடும். வீங்கிய கையைப் பார்த்ததும் அவள் மனத்தில் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். கையைக் காயம்படாமல் வைத்துக்கொள், கனமான பொருளைத் தூக்காதே என்று பொதுவாக எழுதித் தரும் அறிவுரை, பாசியும் கருவாடும் சோறு போடும் வீட்டில் நடக்காத காரியம். உறை அணிந்து எந்த வேலையைச் செய்யலாம், கீறல் பட்டால் எந்த நேரத்துக்குள் யாரிடம் காட்ட வேண்டும், எந்த வீக்கம் மெல்ல வடியும், எது காய்ச்சலோடு சிவந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியது என்று, இந்தக் கரையின் வேலையை அறிந்த ஒருவர் சொல்லித் தர வேண்டும்.

இனி, ‘அஞ்சு வருஷம் தாண்டிட்டா போதும்’ என்ற பேச்சு. இதை உறவினர் சொல்கிறார்கள், சில சமயம் மருத்துவமனைப் பணியாளர்களும் ஆறுதலாகச் சொல்கிறார்கள். ஹார்மோன் ஏற்பி இல்லாத, அதாவது ஹார்மோன் சாராத, சில வகை மார்பகப் புற்றுநோய்களில் முதல் மூன்று ஆண்டுகளில் ஆபத்து கூடுதலாக இருந்து, ஐந்தாண்டுக்குப் பிறகு வெகுவாகக் குறைகிறது. அவர்களுக்கு அந்தப் பேச்சு பெரும்பாலும் பொருந்தும். ஹார்மோன் சார்ந்த வகையில் அப்படியில்லை. 88 ஆய்வுகளில் இருந்த 62,923 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2017-இல் வெளியான அறிக்கை, ஐந்தாண்டு மாத்திரை முடித்த பிறகும் இருபதாம் ஆண்டுவரை நோய் திரும்பும் வாய்ப்பு சிறிது சிறிதாகத் தொடர்வதைக் காட்டியது. அது கட்டியின் அளவையும் நெறிக்கட்டில் பரவியிருந்ததா என்பதையும் பொறுத்து மிகவும் மாறுபடுகிறது. வாயிலோ தொண்டையிலோ வந்த புற்றுநோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடுகிறது, அதனால்தான் அவர்களை அடிக்கடி வரச் சொல்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் நோயின் கணக்கைச் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று மறைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்: ஐந்தாண்டு முடியும் நாளை எண்ணிக்கொண்டிருந்து, அது முடிந்தும் மாத்திரையைத் தொடரச் சொல்லும்போது வரும் திகில், முதலிலேயே சொல்லியிருந்தால் வந்திருக்கக்கூடிய கலக்கத்தைவிடப் பெரிது.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நீங்கள் அறிவீர்கள். ஒன்றாம் எண் ஏறினால் எங்கோ தொலைவில் உருவாகியிருக்கிறது என்றும், எண் ஏற ஏற என்ன செய்ய வேண்டும் என்றும் எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். 1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதைக் கண்ட பெரியவர்களுக்குக் கடல்மேல் அச்சம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒன்றாம் எண்ணுக்கு யாரும் ஊரைக் காலி செய்வதில்லை, பத்தாம் எண்ணுக்கு யாரும் படுத்துத் தூங்குவதும் இல்லை. சிகிச்சை முடித்த எங்களுக்கு அப்படியொரு கூண்டு இல்லை. உடம்பில் தோன்றும் ஒவ்வொன்றும் பத்தாம் எண்ணாகவே தெரிகிறது.

ஆகவே நான் முதலில் கேட்பது ஒரு தாள். சிகிச்சை முடியும் நாளில், தமிழில், பெரிய எழுத்தில், படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் ஒருவர் படித்துக்காட்டித் தரும் தாள். என்ன நோய், எந்த நிலை, என்ன அறுவை, எந்த மருந்து எத்தனை முறை, எந்த மாத்திரை எத்தனை ஆண்டு என்பது அதில் இருக்க வேண்டும். இப்போது அவையெல்லாம் தடித்த பைலுக்குள் ஆங்கிலத்தில் கிடக்கின்றன, திடீரென்று ஏதேனும் ஆகி உள்ளூர் மருத்துவரிடம் போகும்போது அந்தப் பைல் வீட்டுப் பரணில் இருக்கிறது. முதல் மூன்றாண்டு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டாண்டு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கொருமுறை என்ற மார்பகப் புற்றுநோய்க்கான வரிசை தேதிகளோடு இருக்க வேண்டும். தழும்பிலோ மறு மார்பிலோ அக்குளிலோ கழுத்திலோ புதிய கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமலோ வலியோ, மூச்சுத்திணறல், காரணமில்லாமல் உடல் இளைத்தல், தமோக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு மாதவிடாய் நின்ற பிறகும் உதிரப்போக்கு: இவற்றுக்குத் தேதிவரை காத்திருக்காதே என்று எழுதியிருக்க வேண்டும். எவற்றுக்கு அஞ்ச வேண்டாம் என்பதும் அதே தாளில் வேண்டும். அஞ்ச வேண்டியவற்றை மட்டும் எழுதும் துண்டறிக்கைகள் ஏற்கெனவே சுவரெங்கும் ஒட்டப்பட்டிருக்கின்றன. கடைசியில் ஒரு தொலைபேசி எண்ணும், அதை எடுத்துப் பேசும் ஒரு மனிதரும் வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் ஒரே ஒரு கேள்வி. இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல, ‘திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் எப்படி இருக்கிறது, தூக்கத்தையோ வேலையையோ கெடுக்கிறதா’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு அப்படிக் கேட்பதே பாதி மருந்து. ஐந்தில் ஒருவருக்கு அது போதாது. அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்ட கொடுமைக்குப் பிறகு மனநலச் சேவை எவ்வளவோ மாறியிருக்கிறது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். எனினும் மனநல மருத்துவரிடம் போனாள் என்றால், அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசும் வாய்கள் எங்கள் தெருவில் இன்னும் மூடவில்லை. அதனால் அந்த ஆலோசகர் மறுபரிசோதனை நடக்கும் அறைக்குப் பக்கத்திலேயே, அதே நாளில், அதே சீட்டில் பார்க்கும்படி இருந்தால் எங்களில் பலர் தயங்காமல் போவோம். அழைத்துப் பேச 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 முதல் இருக்கிறது. அதைக்கூடப் புற்றுநோய்ப் பிரிவில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

இந்த அச்சத்துக்கென்றே சோதிக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மார்பக, பெருங்குடல், தோல் புற்றுநோய் கண்ட 222 பேரை வைத்து நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து அமர்வுகளில் அச்சம் தெளிவாகக் குறைந்தது. நினைப்பை விரட்டச் சொல்லாமல், வந்த நினைப்பை வரவிட்டுக் கவனத்தைத் திருப்பப் பழக்குவதும், உடம்பை எத்தனை நாளுக்கொருமுறை பார்த்துக்கொள்வது நியாயம் என்று மருத்துவரோடு முடிவு செய்வதும், வாழ்க்கையில் எதை முக்கியமாகக் கருதுகிறோமோ அதற்கு நேரம் ஒதுக்குவதும் அதில் அடங்கும். ஐந்து அமர்வு என்பது எட்டாத செலவு அன்று. செவிலியருக்குப் பயிற்சி கொடுத்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, தூரம். இராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்படும்வரை தீவிலிருந்து ரயிலும் இல்லை. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துக்குத்தான். வெளியூர்ப் பேருந்துக்கு இல்லை. புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, அது மறுபரிசோதனைக்குப் போகும்போதும் பொருந்தும் என்பதையாவது அந்தத் தாளின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள். கையால் பார்க்கும் பரிசோதனையும் மாத்திரை வழங்குவதும் மாவட்டத்துக்குள்ளேயே நடந்தால், பெரிய மருத்துவமனைக்கு ஆண்டுக்கொருமுறை மேமோகிராமுக்கும் ஐயம் எழுந்தபோதும் போனால் போதும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். அவர்கள் கையிலுள்ள பதிவேட்டில் சிகிச்சை முடித்த புற்றுநோயாளிகளின் மாத்திரையையும் மறுபரிசோதனைத் தேதியையும் சேர்ப்பது பெரிய காரியமா? தேதி தவறியவளைத் தேடிப் போகவும் அவர்களே பொருத்தமானவர்கள். ஒரு வேண்டுகோள்: வாசலில் நின்று நோயின் பெயரை உரக்கச் சொல்லக் கூடாது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பது அவர்களுக்கே தெரியும்.

வீட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஒண்ணும் செய்யாதுத்தா, அதான் வெட்டி எடுத்தாச்சுல்ல’ என்பது அன்பான பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு அவளால் பயத்தைப் பற்றி வாய் திறக்க முடியாமல் போகிறது. ஊரில் அதே நோயால் ஒருவர் இறந்தால், துட்டி வீட்டுக்குப் போகவும் முடியாமல், போகாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கும் அவளை யாரும் கவனிப்பதில்லை. கடலுக்குப் போன கணவனும் மகனும் திரும்பும்வரை விழித்திருந்த பெண்கள் எங்களுக்கு அச்சம் புதிதன்று. அதைச் சொல்லாமல் வைத்திருக்கவும் பழகியிருக்கிறோம். ஆண்களோ தங்கள் பயத்தை மனைவியிடம் காட்டக் கூடாது என்று வலையோடு போய்விடுகிறார்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒருமுறை மருத்துவர் பேசினால், வீட்டில் பேச்சு தொடங்கும்.

அந்தத் தாளை எழுதத் தொடங்குவதாக இருந்தால், அச்சுக்கு அனுப்பும் முன் எங்களிடம் படித்துக்காட்டுங்கள். சிகிச்சை முடித்தவர்கள் மண்டபத்திலும் பெரியபட்டினத்திலும் திருப்பாலைக்குடியிலும் இருக்கிறோம். எந்த வரி புரியவில்லை, எது வீணாகப் பயமுறுத்துகிறது என்று சொல்வோம். குடும்பத்தாரோடு முதல் கூட்டத்தை ஏப்ரல் 15-க்குப் பிறகு வையுங்கள். விசைப்படகுகளுக்கு ஜூன் 14 வரை மீன்பிடித் தடை இருப்பதால் ஆண்களும் கரையில் இருப்பார்கள், அழைத்தால் வருவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலும் ஞாயிறு காலையும் வேண்டாம். அந்த இரண்டு மாதமும் வீட்டில் வருமானம் இருக்காது என்பதால், கூட்டத்தை இராமநாதபுரத்தில் வைக்காமல் அந்தந்த வட்டாரத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
மண்டபம் கடற்கரையிலிருந்து,
சிகிச்சை முடித்து மறுபரிசோதனைக்கு வந்துகொண்டிருக்கும் ஒருத்தி